8888ஆம் திட்டத்துக்கு ஊவாவிலிருந்து சில திருத்தங்கள்

பெறுநர்: தளபதி அவர்கள், ஐக்கிய அமெரிக்க மூலோபாயக் கட்டளையகம், ஒஃபட் விமானப்படைத் தளம், நெப்ராஸ்கா.

விடயம்: ஜாம்பிகளை அடக்குவதற்கான தங்கள் திட்டமும் பதுளை மாவட்டத் தோட்டங்களும்.

மதிப்புக்குரிய ஐயா,

2011 ஏப்ரல் 30ஆம் திகதியிட்டுத் தங்கள் அலுவலகத்தில் தயாரான கொன்பிளான் 8888 என்ற திட்டம், 2014இல் பத்திரிகைக்காரர் கையில் சிக்கி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. எங்கள் மலைக்கு எதுவும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறிவரும். ஆகவே ஆட்சேபம் சொல்லத் தாமதமாகிவிட்டது, பொறுத்தருளவும். நான் பசறைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். ஓர் அரசாங்கத் திட்டத்தை அக்கறையோடு உட்கார்ந்து படித்தது என் வாழ்நாளில் இதுவே முதல்முறை. அதுவும் வேறு நாட்டுத் திட்டமாய்ப் போனது என் தலைவிதி.

திட்டத்தின் முகப்பிலேயே இது வேடிக்கைக்காக எழுதப்பட்டதல்ல என்று சொல்லிவிட்டீர்கள். இந்தக் கடிதமும் அப்படியே. இளம் அதிகாரிகளுக்குப் போர்த்திட்டம் வரையப் பழக்குவதுதான் நோக்கம் என்றும், துனீசியா, நைஜீரியா என்று நிஜ நாட்டின் பெயரைப் போட்டுப் பயிற்சி கொடுத்தால் யாராவது உண்மையென்று நம்பி வம்பாகிவிடும், ஜாம்பி என்றால் அந்தத் தொல்லை இல்லை என்றும் விளக்கியிருக்கிறீர்கள். நல்ல ஏற்பாடு. கோபித்துக்கொள்ள நாதியில்லாத கூட்டம் எதுவென்று பார்த்து அதன்மேல் கைபழகுவது அரசாங்கங்களுக்குப் பழைய வழக்கம். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் தங்களுக்கு என் அனுதாபம். உங்கள் ஊர்க் கதாசிரியர்களும் சினிமாக்காரர்களும் உங்கள் படையைப் படுத்துகிற பாடு பார்க்கச் சகிக்கவில்லை. மக்ஸ் புரூக்ஸ் 2006இல் எழுதிய ‘வேர்ல்ட் வோர் ஸீ’ நாவலில் நியூயோர்க்குக்குப் பக்கத்தில் யொங்கர்ஸ் என்ற இடத்தில் பெரும்படை ஒன்று பிணங்களிடம் தோற்று ஓடுகிறது. எதிரியின் கையில் ஒரு கவண்கூடக் கிடையாது. ஆனாலும் சிப்பாய்கள் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு கனத்த கவசம் மாட்டி வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். குண்டு மட்டும் போதிய அளவு கொண்டுவரவில்லை. படத்துக்குப் படம் இதே கதைதான். பீரங்கி வண்டி பழுது, வானொலி வேலைசெய்யாது, தளபதிக்குப் புத்தி மழுங்கிவிடும், வேலிக்கதவைச் சாத்த ஒருவனும் இருக்கமாட்டான்.

ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும். நிமிடத்துக்கு ஐம்பது அடி நடக்கிற பிணம் ஐந்நூறு அடி கடக்கப் பத்து நிமிடம் எடுக்கும். அது குனியாது, மறையாது, பின்வாங்காது, பக்கத்தில் நடந்த பிணம் விழுந்ததைப் பார்த்துப் பாடம் படிக்காது. சத்தம் கேட்ட பக்கம் நேராக வரும். இப்படியோர் எதிரியை ஒவ்வொரு தளபதியும் கனவில்தான் காண்பான். அந்தப் பத்து நிமிடத்தில் ஓர் இயந்திரத் துப்பாக்கி என்ன செய்யும் என்று 1914க்குப் பிறகு எந்தப் படைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த உலகப் போரில் உயிருள்ளவர்களே, ஓடிவந்தவர்களே, தப்பவில்லை.

பிறகு ஏன் தோற்கிறீர்கள்? தோற்றால்தான் நாயகனுக்கு நிற்க இடம் கிடைக்கும். தமிழில் 2016இல் ‘மிருதன்’ வந்தது. ஊட்டியில் கதை. ஜெயம் ரவி அதில் போக்குவரத்துப் பொலிஸ்காரர், சுடுவதெல்லாம் அவரேதான். வாகனத்துக்குக் கைகாட்டுகிறவர் செய்கிற வேலையைத் தங்கள் அணுவாயுதக் கட்டளையகத்தால் செய்யமுடியாதென்று நான் ஒருபோதும் நம்பமாட்டேன். அந்தப் படத்து ஜாம்பிகளுக்குத் தண்ணீரென்றால் பயம் வேறு. கார்த்திகை மாதத்தில் அவற்றை ஒருதரம் பதுளைக்கு அனுப்பிவைத்தால் மிச்சத்தை வடகீழ்ப் பருவமழை பார்த்துக்கொள்ளும்.

ஊவாவைப் பொறுத்தவரை நீங்கள் துப்பாக்கியைக்கூட எடுக்க வேண்டாம். தேயிலை மலையை நீங்கள் தேநீர்ப் பெட்டிப் படத்தில்தான் பார்த்திருப்பீர்கள். பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கும். உள்ளே இறங்கினால் தெரியும். இடுப்பளவுச் செடி ஒன்றோடொன்று கிளை பின்னி நிற்கும். எங்கே கால் வைப்பது என்பது பரம்பரையாகப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். கவ்வாத்து வெட்டிய மலையென்றால் ஒவ்வொரு கொம்பும் கூராக நிற்கும். செடிகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் வடிய வெட்டிய கான்கள் புல் மூடிக் கிடக்கும். மேற்பார்வைக்கு வருகிற கொழும்பு அதிகாரிகளே ஒன்றிரண்டு கானில் விழுந்துதான் எழும்புவார்கள், அவர்களுக்கு மூளையும் இருக்கிறது. மூளையில்லாதது எப்படி ஏறும்? ரயில் பாதையைப் பிடித்து வரலாம் என்றால் தெமோதரையில் பாதை மலையை ஒரு சுற்றுச் சுற்றி அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. 1924இல் பதுளைவரை ரயில் விட்டவர்கள் ஜாம்பியை மனதில் வைத்துக் கட்டியிருக்கமாட்டார்கள். ஆனாலும் அவர்களுக்கு நன்றி.

நடக்கிற எதையும், தலையும் அதற்குள் மூளையும் உள்ள எதையும், துப்பாக்கியால் தீர்த்துவிடலாம் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவர் பதுளையில் ஆங்கிலேய நிர்வாகியாக இருந்தார். அவர் சுட்டதாகச் சொல்லப்படும் யானைகள் 1,400க்கு மேல். யானையையும் நெற்றியில் பார்த்துத்தான் சுடவேண்டும். தலையைக் குறிவைக்கும்படி தங்கள் திட்டம் சொல்வது இவருக்குக் கைவந்த கலை. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். இடிக்கு நெற்றி கிடையாது. நுவரெலியாவில் அவரைப் புதைத்த கல்லின்மேலும் இடி விழுந்தது என்பார்கள். யானைகளின் சாபம் என்று எங்கள் பக்கத்தில் கதை. நான் கணக்கு வாத்தியார், சாபத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வதில்லை.

இனித் திட்டத்தின் வகைப்பாட்டுக்கு வருகிறேன். கிருமியால் வருவது, கதிர்வீச்சால் வருவது, மந்திரத்தால் வருவது, விண்ணிலிருந்து வருவது என்றெல்லாம் பிரித்திருக்கிறீர்கள். கோழி ஜாம்பி என்று ஒரு வகை. முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளை வாயு வைத்துக் கொன்று புதைத்தால் சில சாகாமல் மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வருமாம். உலகில் உண்மையாகவே இருப்பதென்று திட்டம் ஒப்புக்கொள்வது இந்த ஒன்றைத்தான். எங்கள் பக்கம் கிழட்டுக் கோழியைப் புதைக்கிற வழக்கமில்லை, மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டு ஆக்கிவிடுவோம். ஆகவே அந்த அபாயம் ஊவாவில் இல்லை என்று குறித்துக்கொள்ளவும்.

ஆனால் மரக்கறி ஜாம்பி என்று ஒன்றைப் போட்டு, அது மனிதரைத் தொடாது, செடிகொடியைத்தான் தின்னும் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்களே, அங்கேதான் பெரிய பிழை. அது வந்துவிட்டுப் போய்விட்டது ஐயா. 1869இல், எங்கள் மடுல்சீமையில். அப்போது இந்த மலையெல்லாம் கோப்பி. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூளாக ஒரு பூஞ்சணம். விரலால் தொட்டால் மஞ்சள் ஒட்டும். ஊதினால் பறக்கும். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பெர்க்லி என்ற பாதிரியார் அதற்குப் பேரழிவு என்ற பொருள்பட லத்தீனில் பெயர் வைத்தார். தோட்டத்துத் துரைமார் அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து இரண்டு வருடம் பார்த்து, காற்று இதைக் கொண்டுபோகிறது, மலைக்கு மலை ஒரே செடியை இடைவெளியில்லாமல் நட்டது நீங்கள்தான் என்று சொன்னபோது காலம் கடந்திருந்தது. உலகக் கோப்பிச் சந்தையில் முன்வரிசையில் இருந்த தீவில் இருபது இருபத்தைந்து வருடத்துக்குள் கோப்பி இல்லை. கோப்பியை நம்பியிருந்த ஒரியன்டல் வங்கியும் 1884இல் கவிழ்ந்தது. செத்த கோப்பி மரத்தை இங்கிலாந்துக்கு அனுப்பித் தேநீர் மேசைக்குக் கால் செய்தார்கள் என்றும் சொல்வார்கள். செத்ததை எழுப்பி வேலை வாங்குவதில் துரைமாரை மிஞ்ச ஆளில்லை.

சூரியன் மறையாத சாம்ராச்சியத்தின் படைகள் அப்போது எங்கே இருந்தன என்று கேட்கிறீர்களா? இங்கேதான் இருந்தன. சுடுவதற்கு எதுவும் இல்லை, அவ்வளவுதான். இப்போது தங்கள் நாட்டில் பூஞ்சணம் மூளைக்குள் புகுந்து மனிதரை ஆட்டிவைக்கும் ‘த லாஸ்ட் ஒஃப் அஸ்’ தொடரை எல்லாரும் வாய்பிளந்து பார்த்தார்களாம். மடுல்சீமைக்காரனுக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. பூஞ்சணம் மனிதனைத் தின்னவேண்டிய அவசியமே கிடையாது. அவன் நட்டதைத் தின்றால் போதும், மிச்சம் தானாக நடக்கும்.

பயிரைத் தின்கிற குரங்கையும் இந்த வகையில் சேர்க்கவேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரேயொரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் மின்சாரம் போனது என்று சொன்னவர் மின்சக்தி அமைச்சர். அடுத்த மாதம் 15ஆம் திகதி காலை எட்டு மணியிலிருந்து ஐந்து நிமிடம் எல்லாரும் அவரவர் காணியில் நிற்கிற குரங்கு, மயில், மரஅணிலை எண்ணிச் சொல்லவேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. எதிரியைச் சுற்றிவளைக்குமுன் எண்ணிப்பார்க்கிற இந்த உத்தி தங்கள் திட்டத்தில் இல்லை. சேர்த்துக்கொள்ளலாம், உரிமை கேட்கமாட்டோம்.

இப்போது முக்கியமான ஆட்சேபம். யார் ஜாம்பி என்று எப்படி அடையாளம் காண்பீர்கள்?

ஒரு மாலை வேளையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்திக் கொழுந்து நிறுக்கிற நேரம். பனிமூட்டம் இறங்கிவிட்டது, பத்து முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. மேல்மலையிலிருந்து ஒரு வரிசை இறங்கி வருகிறது. முன்னால் சாய்ந்த உடம்பு. மெதுவான நடை. காலையிலிருந்து சரிவில் நின்ற முழங்கால் அதற்குமேல் வேகத்துக்கு ஒத்துக்கொள்ளாது. இடுப்பில் ஈரச் சாக்குப் படங்கு, தலையில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் அழுந்துகிற கூடைக் கயிறு. விரல்களெல்லாம் தேயிலைக் கறையேறிக் கறுத்திருக்கின்றன. வாயைத் திறந்தால் சிவப்பு. வெற்றிலை ஐயா, இரத்தம் இல்லை. சுமை இறக்கும்போது அடித்தொண்டையிலிருந்து ஒரு முனகல். ஸ்டோர்ச் சங்கு ஊதினால் எல்லாரும் ஒன்றாக அந்தப் பக்கம் திரும்புவார்கள். தங்கள் இளம் அதிகாரி ஒருவர் நெப்ராஸ்காவில் உட்கார்ந்து இதை ஆளில்லா விமானத்தின் திரையில் பார்த்தால் எந்தப் பொத்தானை அழுத்துவார்? தலையைக் குறிவைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். இவர்கள் வருடக்கணக்கில் அத்தனை கிலோவையும் தலையில்தான் சுமக்கிறார்கள்.

இந்தப் பயத்தை நான் கற்பனை செய்யவில்லை. உங்கள் ஊர் ஜாம்பிப் படங்களுக்கெல்லாம் தாய்ப்படம் 1968இல் ஜோர்ஜ் ரொமேரோ எடுத்தது. அதில் துப்பாக்கிக்காரர்கள் தோற்கவேயில்லை. ஷெரிப்பும் ஊர் ஆட்களும் காலையில் வந்து, பேசிச் சிரித்துக்கொண்டே பிணங்களைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். இரவெல்லாம் போராடி மிஞ்சிய ஒரே ஆள், பென் என்ற கறுப்பின மனிதன், சன்னலருகே வருகிறான். அவனையும் ஜாம்பி என்று நெற்றியில் சுட்டு மற்றப் பிணங்களோடு போட்டு எரிக்கிறார்கள். படைகள் ஜாம்பியிடம் தோற்குமா என்று அரை நூற்றாண்டாக விவாதிக்கிறவர்கள் இந்தக் கடைசிக் காட்சியைப் பார்க்காமலே எழுந்து போயிருப்பார்கள் போலும்.

தங்கள் திட்டத்தின் சட்டப் பிரிவும் படித்தேன். சட்டங்கள் மனிதரையும் விலங்கையும்தான் காக்கும், ஜாம்பிக்கு எதிராக என்ன செய்தாலும் ஏறக்குறையத் தடையில்லை என்கிறது. ஆக, சுடுவதற்குமுன் ஒரு கடதாசியில் ஒருவரை மனிதர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் போதும். இதில் எங்களுக்கு உங்களைவிட அனுபவம் அதிகம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. முதல்நாள் கொழுந்து பறித்த இந்திய வம்சாவளித் தமிழர் மறுநாளும் பறித்தார்கள், ஆனால் ஏழு லட்சம் பேரளவில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போனார்கள். மூச்சு விட்டார்கள், காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்குப் போனார்கள், கடதாசியில் மட்டும் இல்லை. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்குபோட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று வைத்துவிட்டார்கள். மீதியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவதை நானும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், தலைகளை வைத்துச் செய்ததில்லை. எஞ்சியவர்களைச் சட்டம் மறுபடி உயிர்ப்பித்து முடிக்க 2003 ஆனது.

இப்போதும் எங்கள் நடைமுறை உங்களுடையதைவிட முன்னேறியது. நீங்கள் செத்தவர் எழுந்தால் என்ன செய்வதென்று திட்டம் போடுகிறீர்கள். இங்கே ஓய்வூதியக்காரன் வருடத்துக்கு ஒருமுறை தான் உயிரோடிருப்பதாகக் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக் கொடுக்கவேண்டும். கொடுக்காதவரை செத்தவன் கணக்கு. நேரில் போய் நின்றாலும் சான்றிதழ் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

படைகள் தோற்காது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. எப்போது வெல்லும், எப்போது தோற்கும் என்பதற்கு இந்த மாகாணமே இரண்டு உதாரணம் வைத்திருக்கிறது. 1817, 18இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் ஆங்கிலேயருக்கு எதிராகச் சனங்கள் கிளம்பினார்கள். கண்டிப் பிரதானி கெப்பெட்டிபொலவும் அந்தச் சனங்களோடு சேர்ந்தார். வெள்ளைச் சிப்பாய்கள் சண்டையில் செத்ததைவிடக் காய்ச்சலில் செத்ததுதான் அதிகம். ஆனாலும் தேசாதிபதி பிரவுன்ரிக்கின் படை வென்றது. எப்படி? கிராமத்தை எரித்தார்கள், வயலை எரித்தார்கள், மாட்டைக் கொன்றார்கள். தங்கள் திட்டமும் பிணத்தை எரிக்கத்தான் சொல்கிறது. வென்ற படை எதை எரிக்கும் என்று வெல்லஸ்ஸவில் இன்றைக்கும் சொல்வார்கள்.

தோற்ற கதை 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி காலை. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம். உள்ளே தமிழ் இளைஞர்கள், சிறுவர்களும் உண்டு, ஆயுதமில்லை. வெளியே சுமார் அறுபது பொலிஸார், ஆயுதத்தோடு. அயலிலேயே தியத்தலாவையில் நாட்டின் பெரிய இராணுவப் பயிற்சித் தளம். கத்தியும் பொல்லும் ஏந்திய கூட்டம் ஒன்று வேலியைத் தாண்டி உள்ளே போனது. அந்தக் காலையில் 25க்கும் மேற்பட்டவர்கள் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கி பழுதாகவில்லை. குண்டு தீரவில்லை. 2003இல் சிலருக்குத் தண்டனை கிடைத்தது, 2005இல் உயர் நீதிமன்றம் கடைசி ஆள்வரை விடுவித்தது. யொங்கர்ஸில் படை தோற்றதை நம்பமுடியவில்லை என்று வாதாடுகிற உங்கள் ஆட்களை ஒருதரம் பண்டாரவளைக்கு அனுப்புங்கள். ஆயுதம் தாங்கியவர்கள் வெறுங்கூட்டத்திடம் எப்படித் தோற்பார்கள் என்பது அங்கே இருக்கிறது. சுடுவதா வேண்டாமா என்பது வேலிக்கு உள்ளே இருப்பது யார் என்பதைப் பொறுத்தது.

இவற்றையெல்லாம் கருத்திற்கொண்டு திட்டத்தின் அடுத்த பதிப்பில் ஊவாவுக்கென்று ஒரு பின்னிணைப்பு சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மரக்கறி ஜாம்பியை முதல்வரிசை அபாயமாக உயர்த்தவும். அதற்குச் சிப்பாய் வேண்டாம், வார்டைப் போல ஒருவர் போதும், ஆனால் பத்து வருடம் பிந்தாமல் வரவேண்டும். மாலை நான்கு மணிக்கும் ஆறரைக்கும் இடையே மலையிலிருந்து மெதுவாக இறங்கிவரும் எவரையும் சுடுவதற்குமுன் பெயர் கேட்கவேண்டும் என்று கட்டளையில் ஒரு வரி போடவும். கேட்பதைத் தமிழில் கேட்கவும். 1987இலிருந்து தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழிதான், ஆனாலும் இங்கே வருகிற படிவங்களுக்கு அது இன்னும் தெரியாது. வேறு மொழியில் கேட்டு, பதில் வராததால் ஜாம்பி என்று முடிவு கட்டவேண்டாம். வேலிக்கு வெளியே நிற்கப்போகிறவர்கள் யார், அவர்களுக்குக் கட்டளை கொடுப்பது யார் என்பதையும் பெயரோடு முன்கூட்டியே அறியத்தரவும்.

என் வரைக்கும் இவ்வருடத்துச் சான்றிதழை இத்துடன் இணைத்திருக்கிறேன். எங்கள் லயத்தில் மற்றவர்களுக்கும் வாங்கி அனுப்பத்தான் நினைத்தேன். கிராம உத்தியோகத்தர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், வந்ததும் அனுப்புகிறேன். அதுவரை அவர்களையும் உயிரோடிருப்பவர்களாகவே கணக்கில் வைத்துக்கொள்ளவும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பசறை, பதுளை மாவட்டம்.

இணைப்பு: உயிரோடிருப்பதற்கான சான்றிதழ், ஒன்று. உண்மைப் பிரதி என உறுதிப்படுத்தப்பட்டது.